செமிஅபீலியன் வெரைட்டி: இரண்டு முடிவுகளைச் சேர்த்தால் ஏன் போதவில்லை?

இயற்கணித வடிவியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். மார்டெல்–லாங் தேற்றத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன் (பூச்சியப் பண்பெண் உள்ள புலத்தில், ஒரு துணைவெரைட்டியில் விழும், முடிவுறு புள்ளிகளால் உருவான குழுவின் புள்ளிகள், முடிவுறு எண்ணிக்கையிலான இடம்பெயர்த்த துணைக்குழுக்களின் சேர்ப்பு என்பதே அது).

வெரைட்டி என்பது பல்லுறுப்புக்கோவைச் சமன்பாடுகளின் தீர்வுகளால் ஆன வடிவம். செமிஅபீலியன் வெரைட்டி ஜி என்றால் உள்ளே ஒரு டோரஸ் டி (பூச்சியமற்ற எண்களின் பெருக்கல் குழுவின் சில பிரதிகளின் பெருக்கம்). அதால் வகுத்தால் அபீலியன் வெரைட்டி ஏ (நீள்வட்ட வளைவின் உயர்பரிமாண வடிவம்). டோரஸுக்கு லோரான் 1984-இல் நிரூபித்துவிட்டார், அபீலியனுக்கு ஃபால்டிங்ஸ். அப்படியிருந்தும் பொதுவான ஜி-க்கு வோய்ட்டா 1996-இல் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. ஏன்?

எனக்குப் புரிந்த வரை: ஜி-க்குள் உள்ள துணைவெரைட்டி எக்ஸை ஏ-க்குத் தள்ளினால், அதன் பிம்பம் ஏ முழுவதையும் நிரப்பிவிடலாம். அப்போது ஃபால்டிங்ஸ் தேற்றம் எதுவுமே சொல்லாது. ஒவ்வொரு இழையிலும் (ஏ-யின் ஒரு புள்ளிக்கு மேலுள்ள பகுதி) லோரானைப் போடலாம், சரி. ஆனால் இழைகள் முடிவிலி. இந்த வாதம் சரியா, அல்லது எல்லா இழைகளுக்கும் பொதுவான ஒரே மேல்வரம்பு கிடைத்தால் தப்பிக்க வழி உண்டா?

இன்னொன்று. டி ஒற்றைப் பரிமாணம், புலம் இயற்கணித ரீதியில் மூடியது என்று வைத்துக்கொள்வோம். ஜி-யைத் தீர்மானிப்பது ஏ-யின் இருமத்தில் (ஏ-யோடு இணைந்த இன்னொரு அபீலியன் வெரைட்டி) உள்ள ஒரு புள்ளி. அது முறுக்குப் புள்ளியானால் (தன்னோடு சில தடவை கூட்டினால் பூச்சியமாகும் புள்ளி) ஜி, ஐசோஜெனி (முடிவுறு உட்கருவுள்ள மேல்கோப்பு) வரை, டி-யும் ஏ-யும் சேர்ந்த நேர்ப்பெருக்கம்தான். அந்த நிலையிலாவது நிரூபணம் சுருங்குமா? எனக்குச் சந்தேகம்தான், மேலே சொன்ன தடை அங்கேயும் நிற்கிறதே.

முழு நிரூபணம் வேண்டாம், ஏ நீள்வட்ட வளைவாக உள்ள ஓர் எடுத்துக்காட்டு போதும்.