நாட்டுச் சர்க்கரை பட்டர்கிரீம் நறநறக்கிறது: உதவி தேவை

மதுரை திருநகரில் வீட்டிலேயே கேக் செய்து கொடுத்துவருகிறேன். மூன்று வாரங்களாக, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை சேர்த்து கேக்கின்மேல் பூச நான் அடிக்கும் பட்டர்கிரீம் நாவில் மணல்போல் நறநறக்கிறது. 250 கிராம் உப்பில்லாத வெண்ணெய்க்கு 200 கிராம் சர்க்கரை சேர்த்து, கைமிக்சரில் பத்து நிமிடம் அடிக்கிறேன். இந்த வெயிலில் கிரீம் வழிவதை ஏசி அறையில் வைத்துச் சமாளித்துவிட்டேன்; நறநறப்புதான் தீரவில்லை.

சர்க்கரையை மிக்ஸியில் பொடித்துச் சலித்தபோது நறநறப்பு சற்றுக் குறைந்ததே தவிர நீங்கவில்லை; கொழுப்பில் சர்க்கரை கரையாது என்பதால் அதில் வியப்பில்லை. அரை டம்ளர் சூடான பாலில் கரைத்து, நன்றாக ஆறவைத்துச் சேர்த்தபோது சுவை அருமையாக, ஏறக்குறைய பால்கோவாவைப்போல் இருந்தது. ஆனால் கலவை திரிந்து நீர் பிரிந்துவிட்டது.

சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் கேக் தரவேண்டும். கேக் கேட்டவர்கள் முட்டை சேர்க்காதவர்கள். முட்டையின்றி, நாட்டுச் சர்க்கரையை முழுவதும் கரைத்து, கலவை பிரியாமல் அடிப்பது எப்படி?