கடன் முடிந்த அடுத்த மாதம் உங்களுக்கு என்ன நடந்தது? (அனுபவப் பகிர்வு)

அம்பத்தூர்_லேத்

வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. எப்படிக் கட்டினோம், எதையெல்லாம் விட்டோம் என்று எழுதப்போவதில்லை. இங்கே பாதிப் பேருக்கு அது சொந்தக் கதை. பத்திரம் வாங்கப் போன அன்று வங்கிக் கிளையில் நடந்த ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது.

தாய்ப்பத்திரம், கிரயப்பத்திரம், பிளான் அப்ரூவல் என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்துப் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டிருந்தார் அதிகாரி. சின்ன வயசுப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். தாய்ப்பத்திரத்தில் குத்தியிருந்த குண்டூசி துருப்பிடித்து, முத்திரைத்தாளில் பழுப்பாகக் கறை இறங்கியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். ரிட்டயர்மென்ட் பணம் வந்திருக்கிறதாம், எஃப்டி போட வேண்டுமாம். பையன் என் பத்திரங்களை அப்படியே ஓரம் ஒதுக்கிவிட்டு வேறொரு ஃபாரத்தை அவரிடம் நீட்டினான்.

"இது டெபாசிட்தானே தம்பி?"

"டெபாசிட் மாதிரிதான் சார்."

எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் பிரீமியம், ஐந்து வருஷம் என்பதெல்லாம் படிக்க முடிந்தது. "ஐயா, இது இன்சூரன்ஸ். வருஷா வருஷம் கட்டணும்" என்றேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருஷமா இந்த பேங்க்லதான் கணக்கு வெச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பிய பையன், "சாருக்கு இனிமே மாசம் 22,400 ஃப்ரீதானே?" என்றான். என் மாதத் தவணையை ரூபாய் சுத்தமாகச் சொன்னான்.

எனக்கு 51 வயது. தனியார் கம்பெனி. பி.எஃப். தவிர ஒன்றும் கிடையாது. அந்த 22,400 மீது எல்லாருக்கும் கண், மச்சான் உட்பட. நீங்கள் என்ன செய்தீர்கள்?

கரூர்_பெட்ஷீட்

பையன் ரூபாய் சுத்தமாகச் சொன்னான் என்கிறீர்களே, என் வங்கி என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. 2022 மே மாதத்திலிருந்து ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 4 சதவீதம் இருந்தது அடுத்த பிப்ரவரிக்குள் 6.5. இஎம்ஐ மாறவில்லை, அதனால் நமக்கு ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். வருமான வரிக்காக ஸ்டேட்மென்ட் எடுத்தபோதுதான் கடைசித் தவணை தேதியைப் பார்த்தேன். 2034 இருந்த இடத்தில் 2037. எனக்கு 58 வயதில் முடிய வேண்டிய கடன் 61-க்குப் போயிருந்தது. கவுன்டரில் கேட்டால், "தவணை ஏறலையே சார், உங்களுக்குச் சவுகரியம்தானே?" என்றார்கள். அந்தச் 'சவுகரியம்' இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்றையிலிருந்து போனஸ், வண்டி விற்ற பணம், சீட்டு எடுத்தது எல்லாவற்றையும் அசலில் கொண்டுபோய்க் கொட்டினோம். ஃப்ளோட்டிங் வட்டிக் கடனை, அதாவது வட்டி ஏறி இறங்கும் கடனை, முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது, அது மட்டும்தான் புண்ணியம். தீபாவளித் துணி பிள்ளைகளுக்கு மட்டும். போன வருஷம் முடித்தேன். முடித்த அடுத்த மாதமே தவணைத் தேதியன்று அதே தொகையை ஆர்.டி.க்கு (மாதாமாதம் கட்டும் டெபாசிட்) திருப்பிவிட்டேன். கையில் நின்றால் ஆயிரம் பேர் வருவார்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதி போட்டுவிட்டது. வட்டி ஏறினால் தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று இப்போது நம்மைக் கேட்டாக வேண்டும். எனக்கு அது வந்தது தாமதம்.

உசிலம்பட்டி_மருமகள்

எங்கள் கடன் முடிந்ததா இல்லையா என்பதே எனக்குப் புரியவில்லை. கேளுங்கள்.

வீட்டுக்கடனில் மிச்சம் இருந்ததை அடைத்தது மகள் காதுகுத்து மொய்யில். ஊருக்கே தெரியும், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். வங்கியில் பாக்கி இல்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர் அதை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறார். அந்த வாரமே தூரத்துச் சொந்தத்தில் ஓர் அண்ணன் பத்திரிகை வைக்க வந்தார். வெற்றிலை பாக்கோடு தட்டை நீட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து எங்கள் விசேஷத்தில் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்த மொய் ரசீதை எடுத்து விரித்துக் காட்டினார். ஐயாயிரம். ஒரு வார்த்தை பேசவில்லை. மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு காபியைக் குடித்தார்.

ஐயாயிரம் வாங்கினால் ஐயாயிரம் எழுத முடியாது, மேலே போட்டுத்தான் எழுத வேண்டும். மைக்கில் வாசிப்பார்கள். ஆவணி, தை என்று முகூர்த்த மாதம் வந்தால் இவர் மில் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். வட்டி இல்லாத கடன் என்று பெருமையாகச் சொல்வார்கள், சரி. ரிட்டயர் ஆனவன் அதை எந்த வருமானத்தில் திருப்பி எழுதுவான் என்று யாரும் சொல்வதில்லை.

தபால்_ஓய்வு_தஞ்சை

சப் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவன். என் அனுபவம் சின்னதுதான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் பெருந்தொகை போட்டிருந்தார். போய்ச் சேர்ந்துவிட்டார். மனைவி மஞ்சள் பையில் பாஸ்புக்கைச் சுற்றி எடுத்து வந்தார். நாமினி இடம் காலி. "அவரு எல்லாம் எழுதி வெச்சிருப்பாரேய்யா" என்று அந்தப் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். வாரிசுச் சான்றிதழுக்கு அலையவிட வேண்டியதாயிற்று. எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அந்த அம்மாவின் விரல் மட்டும் மறக்கவில்லை.

இப்போது லேத் தம்பிக்குச் சில விஷயங்கள். முதலில் அந்தப் பெரியவர். பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சொற்பம் பிடித்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும். முன்பு 15 நாள்தான் இருந்தது. அவரை மறுபடி பார்த்தால் சொல்லுங்கள். இரண்டாவது, பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடியவில்லை. கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் அடமானமாக வைத்ததற்கான ஆவணம்) பதிந்திருப்பார்கள். வங்கி ஆள் வந்து கடன் தீர்ந்தது என்று ரசீது ஆவணம் பதிந்தால்தான் அது நீங்கும். பதிந்த பிறகு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்து, ரசீது ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குப் பிள்ளைகள் விற்கப் போகும்போது மாட்டிக்கொள்வார்கள். பத்திரத்தை 30 நாளுக்குள் தராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று 2023 டிசம்பர் 1 முதல் விதி இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள்.

மூன்றாவது, 51 வயதுக்கு பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) நீண்ட காலம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். 15 வருஷம்தான், ஆனால் 7.1 சதவீதம், வரி இல்லை, வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். 60 ஆனதும் மூத்த குடிமக்கள் திட்டம். என் மைத்துனருக்குப் போட்டுக் கொடுத்தபோது 8.2 சதவீதம். உச்சவரம்பு 30 லட்சம், முழுசாகப் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். அதுபோக மாத வருமானத் திட்டம், தனிக் கணக்கில் ஒன்பது லட்சம் வரை. 7.4-இல் மாதம் 5,550. மருத்துவக் காப்பீட்டை இப்போதே எடுங்கள். இருக்கிற நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம், அந்த மூன்று வருஷம் சம்பளம் வரும்போதே கழியட்டும். உசிலம்பட்டித் தங்கச்சி மொய்யை நிறுத்திவிட வேண்டியதுதான். ஒருநாள் பேசுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள்.

காந்திபுரம்_டைப்பிஸ்ட்

எல்லாரும் சேர்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். சேர்த்தவர் கதை ஒன்று.

எங்கள் அப்பா மூன்று கடன் பார்த்தவர். அக்கா கல்யாணம், வீடு, தம்பி படிப்பு. எல்லாம் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. போன மாதம் கடைவாய்ப் பல் வலி என்று டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரூட் கெனால் செய்து மேலே கேப் போட்டால் பல் தங்கும் என்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். அப்பா வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தார், நாற்காலியில் சாய்ந்தபடி கையை ஆட்டி, "புடுங்க எவ்வளவு?" என்றார். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. "அப்ப புடுங்கிருங்க." நான் காசு தருகிறேன் என்றேன். டாக்டரும் சொன்னார். கேட்கவில்லை. நல்ல வேருள்ள பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சைக் கடித்தபடி டவுன் பஸ்ஸில்தான் வருவேன் என்று நின்றார். வங்கியில் இருபது லட்சத்துக்கு மேல் இருக்கிறது. கேட்டால், "வயசான காலத்துக்கு வேணும்" என்கிறார். வயது 72.

தபால் சார், உங்கள் கணக்கில் ஒன்றும் தப்பில்லை. அதை எடுத்துச் செலவு செய்யும் வயது எது என்று மட்டும் எழுதவில்லை.

தபால்_ஓய்வு_தஞ்சை

அம்மா, 72-க்கு மேல்தான் செலவே ஆரம்பிக்கும். நாலு நாள் ஐசியூவில் கிடந்துபாருங்கள், இருபது லட்சம் தண்ணீராகப் போகும். உங்கள் அப்பா செய்தது சரி என்று சொல்லவில்லை, பயம் நியாயமானது என்கிறேன். பல்லுக்குப் பிடிவாதம் பிடித்தார் என்றால் அவர் பெயரில் மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாதவர்கள்தான் இப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

காந்திபுரம்_டைப்பிஸ்ட்

இல்லை. கேட்டுப்பார்த்தேன். பிரீமியம் வீண் செலவாம்.

ஜூரோங்_டிரைவர்

சிங்கப்பூரில் இருபத்தைந்து வருஷமாக வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், குத்தகைக்குத்தான் தரும்) வீட்டுக்குக் கட்டி முடித்தவன். இங்கே தவணை மத்திய சேமநிதிச் (நம் ஊர் பி.எஃப். மாதிரி) சாதாரணக் கணக்கிலிருந்தே போய்விடும். பணத்தைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டோம், அதனால் வலிக்காது. 55 ஆனபோது சேமநிதி அலுவலகக் கவுன்டருக்குப் போய்க் கேட்டேன். அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பிவிட்டுச் சும்மா இருந்தார். எனக்குக் கணக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ, விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். சாதாரணக் கணக்கில் இருந்தது நாலு மாதச் சம்பளம்கூட இல்லை. எல்லாம் சுவராகவும் கூரையாகவும் நிற்கிறது.

விற்றால் காசுதானே என்கிறார்கள் நண்பர்கள். விற்றால், வீட்டுக்கு எடுத்த அசலையும் அதற்கு 2.5 சதவீத வட்டியையும் என் சேமநிதிக்கே திருப்பிக் கட்ட வேண்டும். என் பணம்தான், ஆனால் கைக்கு வராது. வீவக கடன் வட்டி 2.6, சேமநிதி தரும் வட்டி 2.5. இரண்டுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம், அதனால் அவசரப்பட்டு அடைத்ததில் லாபமே இல்லை என்று மகன் இப்போது கணக்குப் போட்டுக் காட்டுகிறான். 65-இல் மாதாமாதம் வரத் தொடங்கும். அதுவரை டாக்சிதான். பத்தாவிட்டால், மிச்சமிருக்கும் குத்தகைக் காலத்தில் ஒரு பகுதியைக் கழகத்துக்கே விற்கும் வழி ஒன்று இருக்கிறது, அதுவும் 65-க்குப் பிறகுதான்.

கரூர் அண்ணே, எல்லாவற்றையும் அசலில் கொட்டினேன் என்கிறீர்கள். கொட்டிய பிறகு கையில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

கரூர்_பெட்ஷீட்

ஒன்றும் இல்லை தம்பி. ஆனால் உங்கள் வட்டி 2.6, என்னுடையது ஒன்பதைத் தாண்டி ஓடியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஒன்பது சதவீதத்தைக் கட்டிக்கொண்டே ஏழு சதவீத எஃப்டி போட நான் முட்டாளா?

சிவகாசி_அச்சகம்

பி.எஃப். தவிர ஒன்றும் இல்லை என்று லேத் அண்ணன் எழுதியதைப் பார்த்துத்தான் வந்தேன். எங்கள் ஃபோர்மேன் 28 வருஷ சர்வீஸ். பி.எஃப். பென்ஷன் வரும், வீட்டிலே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று பையன்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். சம்பளத்தில் பாதி வரும் என்று அவர் மனசில் ஒரு கணக்கு. பென்ஷன் ஆர்டர் வந்த அன்று படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் நீட்டினார். மாதம் நாலாயிரத்துச் சொச்சம். "இது ஒரு வாரத்துக்கா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டார்.

சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பென்ஷன் கணக்குக்கு 15,000 வரைதான் எடுப்பார்கள். 2014 செப்டம்பருக்கு முந்தைய சர்வீஸுக்கு அதுவும் 6,500தான். சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் அவ்வளவுதான் வரும். அண்ணே, பாஸ்புக்கில் பென்ஷன் பங்கு என்று தனியாக ஒரு பத்தி இருக்கும், அதைச் சேமிப்போடு சேர்த்துக் கூட்டிவிடாதீர்கள். ஃபோர்மேன் இப்போது எதிர் அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குப் போகிறார்.

அம்பத்தூர்_லேத்

என் 22,400-க்கு வழி கேட்டால் எல்லாரும் சேர்ந்து என் பென்ஷனையும் நாலாயிரம் ஆக்கிவிட்டீர்கள், நன்றி. எம்ஓடி சமாச்சாரம் எனக்குத் தெரியாது. நாளைக்கே வில்லங்கம் போட்டுப் பார்க்கிறேன். பிபிஎஃப் கொஞ்சம், ஆர்.டி. கொஞ்சம் என்று வைத்துக்கொள்கிறேன். மச்சானிடம் கடன் இன்னும் ஓடுகிறது என்றே சொல்லிக்கொள்வதாக உத்தேசம்.

உசிலம்பட்டி_மருமகள்

தபால் சார், மொய்யை நிறுத்து என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தஞ்சாவூரில் இருந்துகொண்டு பேசுகிறீர்களே, உங்களுக்குப் பக்கத்தில் பேராவூரணியில் ஆடி மாதம் மொய் விருந்து எப்படி நடக்கிறது என்று தெரியாதா? வாங்கியதைத் திருப்பி எழுதாதவன் வீட்டுக்கு நாளைக்கு ஒரு சாவு என்றால்கூட நாலு பேர் வரமாட்டார்கள். வங்கிக்காரன் வட்டியைத்தான் ஏற்றுவான், இவர்கள் வாசலையே மிதிக்க மாட்டார்கள்.

நான் செய்வது இதுதான். நோட்டை எடுத்து, இவர் ரிட்டயர் ஆவதற்குள் யார் யாருக்கு விசேஷம் வரும் என்று பார்த்துப் பெயருக்கு எதிரே வருஷம் குறித்திருக்கிறேன். பழைய பாக்கியை மட்டும் எழுதுவது, மேலே போடுவதில்லை. போன முகூர்த்தத்தில் அந்த அண்ணன் வீட்டிலேயே ஆரம்பித்தேன். சரியாக ஐயாயிரம். மைக்கில் வாசித்தபோது அண்ணன் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும், புதுசாக அவரிடம் வாங்க என் வீட்டில் இனி விசேஷம் இல்லை. மாமியார்தான் மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை.