மறு: பணியாளர் திறன் திட்டமிடல், ‘இன்க்ளூஷன்’ – கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

மனிதவளக் கையேட்டுத் தமிழாக்கத்துக்காகக் கேட்கப்பட்ட சொற்களுக்குப் பரிந்துரைகள் குவிந்துவிட்டன. பல பரிந்துரைகள் ஓசைக்கும் சுருக்கத்துக்கும் முதலிடம் தருகின்றன. அந்தச் சொல் ஒரு பணியாளரின் கோப்பில், அவர் பெயருக்கு நேரே வந்து விழும்போது என்ன சொல்லும் என்று பார்த்தவர்கள் குறைவு. மனிதவளப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் எனக்கு அந்தக் கோப்புதான் முதலில் கண்ணில் படுகிறது.

> ஸ்கில்ஸ் பிளானிங் என்றால் திறன் திட்டமிடல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. வேலைகளுக்கு என்னென்ன திறன்கள் வேண்டும், யாரிடம் எவை இருக்கின்றன என்று பார்த்துத் திட்டமிடுவதைப் பற்றிப் பேசுகிறோம். ‘திறன்’ ஏற்கெனவே பல வேலை பார்க்கும் சொல். பள்ளி இயற்பியலில் ‘பவர்’ என்பதும் திறன்தான். கொள்திறன், உற்பத்தித்திறன், பயனுறுதிறன் என்று அதன் கிளைகள் வேறு இருக்கின்றன. தொழிற்சாலை ஆவணத்தில் ‘திறன் திட்டமிடல்’ என்று எழுதினால், மாதம் எத்தனை அலகு உற்பத்தி செய்ய முடியும் என்ற கணக்காகவே பொறியாளர் அதைப் படிப்பார். ‘பணித்திறன் திட்டமிடல்’ என்று ஓர் அடைமொழி சேர்த்தால் குழப்பம் தீரும். ‘திறமை’ வேண்டாம். அது ஆளோடு ஒட்டிப் பிறந்ததைப் போலத் தொனிக்கும் பாராட்டுச் சொல். நாம் பேசுவதோ கற்றுக்கொள்ளக்கூடிய, கற்றுக்கொடுக்கக்கூடிய ஒன்றை.

> ஸ்கில்ஸ் மேட்ரிக்ஸ் – திறன் அணி.

கணிதத்தில் மேட்ரிக்ஸ் அணிதான், மறுக்கவில்லை. அலுவலகத்தில் அணி என்றால் சேர்ந்து வேலை செய்யும் குழு. ‘திறன் அணியில் உங்கள் பெயர் விடுபட்டுள்ளது’ என்று கடிதம் வந்தால் படிப்பவருக்கு அன்று இரவு தூக்கம் வராது. ‘திறன் கட்டம்’ போதும். மேலிருந்து கீழாகப் பெயர்கள், குறுக்கே திறன்கள், கட்டத்துக்குள் நிலை.

> ‘ஸ்கில் கேப்’ என்பதற்குத் திறன்குறை சுருக்கமாக இருக்கிறது. ‘திறன் இடைவெளி’ ஆங்கிலத்தின் நிழல்.

நிழலாகவே இருக்கட்டும், இடைவெளிதான் வேண்டும். சுருக்கத்துக்காகக் ‘குறை’யை ஏற்பதைக் கடுமையாக எதிர்க்கிறேன்.

ஒரு வேலைக்குத் தேவைப்படும் நிலைக்கும் இப்போது பதிவாகியிருக்கும் நிலைக்கும் உள்ள வேறுபாடே கேப். அது ஏன் வந்தது என்பது கட்டத்தைப் பார்த்துத் தெரியாது. பயிற்சி வகுப்பு எப்போதும் மாலையில் நடந்ததால் வீட்டில் குழந்தையையோ முதியவரையோ கவனிக்க வேண்டியவர் போக முடியாமல் இருந்திருக்கலாம். மதிப்பீடு நடந்த சமயத்தில் அவர் பேறுகால விடுப்பில் இருந்திருக்கலாம். பார்வையற்ற ஒருவருக்குத் ‘தரவுப் பதிவு – நிலை 1’ என்று அடிநிலையைப் போட்டிருப்பார்கள். நிறுவனம் வாங்கிய மென்பொருள், கணினித் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் திரைபடிப்பானோடு ஒத்துப்போகாது என்பதற்குக் கட்டத்தில் இடமே இருக்காது. இவற்றையெல்லாம் ‘திறன்குறை’ என்ற ஒரே சொல்லில் போட்டால் பழி முழுவதும் அந்த ஆளின் மேல் விழுகிறது. ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் குறையைச் சுட்டும் எத்தனை சொற்களை விட்டுவிட்டு வந்தோம்! இப்போது திட்டமிடல் என்ற பெயரில் அதையே பின்வாசல் வழியாக உள்ளே விடுவதா? இடைவெளி என்றால் அது இரண்டுக்கு நடுவே இருப்பது. எந்தப் பக்கம் நகர வேண்டும் என்ற கேள்வி அதிலேயே இருக்கிறது.

சில சமயம் நகர வேண்டியது ஆள் அன்று, வேலைக்கு வேண்டும் என்று விதிக்கப்பட்ட நிலைதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்த ‘கிரிக்ஸ் எதிர் டியூக் பவர்’ வழக்கை நினைவூட்டுகிறேன். வட கரோலினாவில் ஒரு மின் நிலையம். கறுப்பினத் தொழிலாளர்கள் மிகக் குறைந்த ஊதியமுள்ள பிரிவிலேயே நிறுத்தப்பட்டிருந்தார்கள். அங்கிருந்து மேலே போக உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோ பொது அறிவுத்திறன் தேர்வுகளில் தேர்ச்சியோ வேண்டும் என்று நிறுவனம் விதித்தது. மேலே இருந்த பிரிவுகளில் சான்றிதழ் இல்லாத வெள்ளையர்கள் முன்பிருந்தே நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சான்றிதழுக்கும் தேர்வுக்கும் அந்த வேலையோடு தொடர்பு இருப்பதாக நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. உள்நோக்கம் இருந்ததா இல்லையா என்பதோடு நிற்காமல் விளைவைப் பார்த்து நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. ‘திறன்குறை’ என்ற சொல் அந்த நிலையத்தின் படிவங்களில் இருந்திருந்தால், குறை யார் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருக்கும்?

இதனால்தான் ‘எசென்ஷியல்’, ‘ஆப்ஷனல்’ என்ற இரண்டு சொற்களுக்கும் நல்ல தமிழ் வேண்டும். தொழில்களையும் திறன்களையும் பட்டியலிடும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எஸ்கோ (ESCO) வகைப்பாட்டில் 13,000க்கும் மேற்பட்ட திறன்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தொழிலுக்கும் எவை இன்றியமையாதவை, எவை இருந்தால் நல்லவை என்று அதில் பிரித்துக் காட்டுகிறார்கள். ‘கட்டாயத் திறன்’, ‘கூடுதல் திறன்’ என்று வைத்துக்கொள்ளலாம். கட்டாயம் என்று எழுதும்போதே ‘இது இல்லாமல் இந்த வேலை நடக்காதா?’ என்று கேட்கத் தோன்றும். விளம்பரங்களில் வழக்கமாகத் தலைகாட்டும் ‘சரளமான பேச்சு’, ‘ஓட்டுநர் உரிமம்’ போன்றவற்றில் பாதி அந்தக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும்.

பணியாளர்களிடம் இருக்கும் திறன்களின் பதிவான ‘ஸ்கில்ஸ் இன்வென்டரி’க்குத் ‘திறனிருப்பு’ என்கிறேன். கையிருப்பு என்பதைப் போன்றது. மனிதர்களைச் சரக்காக்குகிறது என்று ஒரு தோழர் வருந்தியிருந்தார். எண்ணப்படுவது ஆள் அன்று, திறன். எண்ணாமல் விடுவதில்தான் அநீதி அதிகம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர்கள் மொழியில் விளக்கிச் சொல்லும் துப்புரவுப் பணியாளர், சைகைமொழி தெரிந்த கிடங்கு ஊழியர், இவர்களின் திறன் நாள்தோறும் பயன்படுகிறது, எந்தப் பதிவிலும் இல்லை. பதவி உயர்வின்போது பதிவில் இருப்பதுதான் பேசும்.

> டைவர்சிட்டி, இன்க்ளூஷன் இரண்டுக்கும் ‘பன்முகத்தன்மை’ ஒன்றே போதாதா?

போதாது. மனிதவள மேலாண்மைக்காக 2021இல் வெளியான ஐஎஸ்ஓ 30415 என்ற பன்னாட்டுத் தரநிலையும் தலைப்பிலேயே இரண்டையும் தனித்தனியாக நிறுத்துகிறது. பலதரப்பட்டவர்களும் இருக்கிறார்களா என்பது ஒன்று. இருப்பவர்களுக்கு முடிவுகளிலும் பயிற்சியிலும் உயர்விலும் பங்கு உண்டா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் ‘பன்முகத்தன்மை’ நிலைத்துவிட்டது, அதைக் கலைக்க வேண்டாம்.

இரண்டாவதில்தான் சிக்கல். ‘உள்ளடக்கம்’ என்றால் புத்தகத்தின் பொருளடக்கம் நினைவுக்கு வருகிறது. ‘உள்ளடக்குதல்’ என்று மாற்றினால் ‘அடக்குதல்’ துருத்திக்கொண்டு நிற்கிறது. ‘உட்படுத்தல்’ விசாரணைக்கும் சோதனைக்கும் உரியது. ‘அரவணைப்பு’ என்பதில் அரவணைப்பவர் மேலே நிற்கிறார். ‘உள்வாங்கல்’ கடலுக்குப் போகட்டும். கொள்கை, சட்ட ஆவணங்களில் ‘உள்ளடக்கிய’ என்ற பெயரடை வேரூன்றிவிட்டது, அங்கே அதைத் தொட வேண்டாம். பணியிடக் கையேட்டில் பெயர்ச்சொல் தேவைப்படும் இடத்தில் ‘அனைவர் பங்கேற்பு’ என்றும், அடையாகத் தேவைப்படும் இடத்தில் ‘அனைவருக்குமான’ என்றும் எழுதலாம். ‘அனைவருக்குமான பணித்திறன் திட்டமிடல்’ நீளம்தான். ஆனால் முதல் வாசிப்பிலேயே புரிகிறது.

> ரீஸனபிள் அக்காமடேஷன் – நியாயமான இடவசதி.

இதை எங்கும் அச்சேற விடாதீர்கள். யாரும் தங்கும் அறை கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006) உறுப்பு 2இல் இதற்கு வரையறை தருகிறது: மற்றவர்களுக்குச் சமமாக உரிமைகளைத் துய்க்க, குறிப்பிட்ட ஒருவரின் சூழலில் தேவையான, பொருத்தமான மாற்றங்கள், அவை அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக்கூடாது. ‘தக்க மாற்றமைவு’ என்றால் வரையறையின் இரண்டு பக்கமும் வந்துவிடுகிறது. திறன் கட்டத்தில் இதற்கென்று ஒரு நிரல் சேர்க்கும்படி கையேட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். மாற்றமைவு செய்துதராமல் நிலை குறிக்கக்கூடாது என்ற குறிப்போடு.

வேறு வேலைக்குப் போகப் புதிய திறன்களைக் கற்றுக்கொடுக்கும் ‘ரீஸ்கில்லிங்’ என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் பிடிபடவில்லை. ‘மறுதிறனாக்கம்’ ஆளை உலையில் போட்டு எடுப்பதைப் போல இருக்கிறது. ‘மாற்றுத்திறன் பயிற்சி’ என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப்பயிற்சி என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். இப்போதைக்குப் ‘புதுத்திறன் பயிற்சி’ என்று வைத்திருக்கிறேன். வேறு நல்லது தோன்றினால் அனுப்புங்கள், ஒரு பணியாளருக்குப் போகும் கடிதத்தில் அந்தச் சொல் வரும் வாக்கியத்தோடு சேர்த்து.

அன்புடன்,
மனிதவளப் பிரிவிலிருந்து ஒருத்தி