கருவாட்டுக் கடை போர்டுக்கு ‘பலூ தம்பி’ எழுத்துரு சரியாக வருமா?

தங்கச்சிமடம் கருவாடு:
வணக்கம். தங்கச்சிமடத்தில், ராமேஸ்வரம் போகிற மெயின் ரோட்டு ஓரமாக எங்கள் அம்மா கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். பத்தடிக்கு மூன்றடியில் புது போர்டு வைக்கப் போகிறோம். நெத்திலி, கணவாய் பாக்கெட்டுக்கு லேபிளும் அடிக்க வேண்டும். தடியாக, முனையெல்லாம் உருண்டு இருக்கிற பலூ தம்பி 2 எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது; அம்மாவும் கண்ணாடி போடாமலே படித்துவிட்டார். கடைக்கு அதைக் காசில்லாமல் பயன்படுத்தலாமா? ஃபிளெக்ஸ் கடையில் போட்டுப் பார்த்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றன. லேபிளுக்கும் இதே எழுத்துரு போதுமா?

ராமநாதபுரம் டிடிபி:
தாராளமாகப் பயன்படுத்துங்கள் தம்பி. மும்பை ஏக் டைப் குழு செய்தது, ஓபன் ஃபாண்ட் லைசென்ஸ், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் விடுகிற உரிமம். கூகுள் ஃபாண்ட்ஸில் இறக்கிக்கொள்ளலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

கொம்பு இடம் மாறுவது எழுத்துருவின் கோளாறு இல்லை. ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் செய்கிற சாஃப்ட்வேரான கோரல்டிராவின் பழைய பதிப்புக்குத் தமிழ் யூனிகோடைச் சரியாக அடுக்கத் தெரியாது. அதனால்தான் இன்னும் பல கடைகளில் யூனிகோடு வராத பழைய எழுத்துருவான பாமினியிலேயே அடிக்கிறோம். வீட்டில் இங்க்ஸ்கேப் என்கிற இலவச வரைகலை சாஃப்ட்வேரில் எழுத்தை அமைத்து, பாத் ஆக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, பிடிஎஃப் கொண்டுபோய்க் கொடுங்கள். மாற்றும் முன்பே பிழை பார்த்துவிடுங்கள், அப்புறம் டைப் செய்து திருத்த முடியாது.

பாம்பன் பெயின்டர்:
படகுக்குப் பேர் எழுதுகிறவன் நான், எனக்கும் இந்த எழுத்து பிடிக்கும். ரோட்டில் வண்டி வேகமாகப் போகிறது. மெல்லிய எழுத்து கண்ணில் படாது. ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினாலும் கூர் மூலைதான் முதலில் கிளம்பும், உருண்ட முனை தாக்குப்பிடிக்கும்.

ஆனால் தடிமனைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ரெகுலரிலிருந்து எக்ஸ்ட்ராபோல்டு வரை ஐந்து இருக்கின்றன. ‘கணவாய்’ என்று எக்ஸ்ட்ராபோல்டில் சின்னதாக அடித்துப் பாருங்கள். மூன்று சுழி ண-வுக்குள் இருக்கிற வெள்ளை இடம் ஊசி முனை அளவுக்கு வந்துவிடும். பாலிதீன் கவரில் மை கொஞ்சம் பரவும், சுழி அடைத்துக்கொள்ளும், ண எது ன எது என்று தெரியாது. புள்ளியும் அப்படித்தான், எழுத்தின் மேல் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். கருவாடு வாங்குகிறவர் அதை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்.

அதனால் போர்டில் கடைப் பேர் மட்டும் எக்ஸ்ட்ராபோல்டு. லேபிளில் மீன் பேர் செமிபோல்டு, எழுத்துக்கு நடுவே கொஞ்சம் இடம் விட்டு. எடை, தேதி, உரிம எண்ணுக்கெல்லாம் இது வேண்டாம். அதே ஏக் டைப் குழுவின் முக்தா மலர் எழுத்துருவைப் போடுங்கள். உருண்டை எழுத்தில் பத்தி பத்தியாகப் படித்தால் கண் அலுத்துவிடும்.

தங்கச்சிமடம் கருவாடு:
ரொம்ப நன்றி அண்ணே. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைக்கலாமா? ராத்திரி பின்னால் லைட் போடுகிற எண்ணம் இருக்கிறது.

பாம்பன் பெயின்டர்:
லைட் போட்டால் வெள்ளை எழுத்து இன்னும் பருத்துத் தெரியும், சுழி மறுபடி அடைக்கும். அப்படியானால் ஒரு படி இறங்கி போல்டு வையுங்கள். கடைப் பேரை முழு அளவில் காகிதத்தில் எடுத்து, சுவரில் ஒட்டி, இருட்டின பிறகு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று அம்மாவைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறுகிற எழுத்து எதுவோ அதில் மட்டும் உள் வெள்ளையைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லி அச்சுக்குக் கொடுங்கள். அந்த லைசென்ஸ் அதற்கும் இடம் கொடுக்கிறது.