முகநூல் பக்கம் இருக்கும்போது தனி வெப்சைட் எதற்கு?

பழுதுபெட்டி:
வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பது என் தொழில். நானும் இரண்டு பையன்களும்தான். வேலை முக்கால்வாசி முகநூல் பக்கத்திலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் வருகிறது. பழைய வெப்சைட் ஒன்று சும்மா கிடக்கிறதே, புதுப்பிக்கலாம் என்று டிசைனரிடம் போனால், முகப்பில் ஐந்து படம் தானாக நகரும், பின்னால் வீடியோ ஓடும், ஓரத்தில் சாட் பெட்டி எட்டிப் பார்க்கும் என்று பெரிய பட்டியலே நீட்டினார். மெஷினுக்குள் துணியும் தண்ணீரும் தேங்கி நிற்கிற நேரத்தில் ஒருவர் என் முகப்பில் படம் நகர்வதையா பார்த்துக்கொண்டிருப்பார்? அந்தப் பணத்தையும் நேரத்தையும் முகநூல் பக்கத்திலேயே போட்டால் போதும், சைட்டை மூடிவிடலாம் என்பது என் முடிவு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

நூலேணி:
நகரும் படம், வீடியோ இரண்டும் வேண்டாம் என்பதில் நான் உங்கள் கட்சி. பதினைந்து வருடமாகச் சின்னத் தொழில்களுக்கு சைட் செய்து தருகிறேன், இரண்டாவது படம் வரும்வரை காத்திருந்து பார்த்த ஆளை நான் கண்டதில்லை. ஆனால் அதற்காக சைட்டையே மூடுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. 2021 அக்டோபர் 4 அன்று முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துக்கொண்டன. உங்கள் தொழிலின் இரண்டு வாசலும் அதில் அடக்கம். அதைவிடப் பெரிய பாடம் கூகுள் கொடுத்தது. மேப்பில் நம் தொழிலைக் காட்டும் பிசினஸ் ப்ரொஃபைலோடு இலவசமாகக் கட்டிக்கொடுத்த சைட்டுகளை 2024 மார்ச்சில் மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். அதையே நம்பி விசிட்டிங் கார்டில் முகவரி அச்சடித்தவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்தவர் மனையில் பந்தல் போட்டால் அவர் பிரிக்கச் சொல்லும்போது பிரிக்கத்தான் வேண்டும்.

பழுதுபெட்டி:
நீங்கள் ஆறு மணி நேரத்தைச் சொல்கிறீர்கள். என் சொந்த சைட் போன வருடம் ஐந்து நாள் கிடந்தது, எனக்கே தெரியாது. சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி, திறந்தவர்களுக்கெல்லாம் 'இது பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "உங்கள் சைட்டில் வைரஸ் இருக்கிறதா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. செய்துகொடுத்தவரைப் பிடிக்க மூன்று நாள் ஆனது. முகநூல் படுத்தால் உலகத்துக்கே தெரியும், யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். என் சைட் படுத்தால் என் பெயர்தான் கெடும். சொந்தமாக வைத்துக்கொள் என்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பேசுவதே இல்லை.

சுடர்மதி:
அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ் இலவசம், ஆனால் வழக்கமாக 90 நாளில் காலாவதியாகிவிடும், தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிட்டுப் போயிருக்க வேண்டியது செய்தவரின் கடமை. அதோடு, சைட் திறக்கிறதா என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து மெயில் அனுப்பும் இலவசச் சேவைகள் இருக்கின்றன, ஒன்றில் பதிந்துவைத்தால் வாடிக்கையாளர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை வராது. அப்புறம் ஒரு முக்கியமான கேள்வி அண்ணா: உங்கள் டொமைன், அதாவது சைட்டின் முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது?

இன்னொன்று, நீங்கள் இருவரும் முகநூலா சைட்டா என்று மல்லுக்கு நிற்கிறீர்கள். வீட்டுக்கே போய்ச் செய்யும் வேலைக்கு முதல் வரவு மேப்பிலிருந்துதான் வரும். பிசினஸ் ப்ரொஃபைலில் தொழில் வகை சரியாக இருக்கிறதா, எந்தெந்தப் பகுதிக்குப் போவீர்கள் என்று குறித்திருக்கிறீர்களா, விடுமுறை நாளில் நேரத்தை மாற்றுகிறீர்களா என்று பாருங்கள். ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது கூகுள் விதிக்கு விரோதம். வேலை முடிந்த அன்றே லிங்க் அனுப்பிக் கேட்டால் நிறைய பேர் எழுதுவார்கள். மோசமான ரிவ்யூவுக்கும் பொறுமையாகப் பதில் போடுங்கள். அந்தப் பதிலைப் பார்த்துத்தான் அடுத்தவர் உங்களை எடைபோடுவார்.

கணக்குப்பிள்ளை:
நான் பத்து வருடமாக விளம்பரம் நடத்துகிறேன், நேராகச் சொல்கிறேன். தேடலில் தானாக மேலே வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும், சின்னத் தொழிலுக்கு அந்த மூச்சு கிடையாது. தேடல் விளம்பரம் போட்டால் இன்றே போன் அடிக்கும். வேலை செய்கிற நேரத்தில் மட்டும், போய்வரக்கூடிய தூரத்துக்குள் மட்டும் காட்டும்படி வைக்கலாம். ஒதுக்க வேண்டிய சொற்களின் பட்டியல் ஒன்று கட்டாயம் கொடுங்கள்: 'வேலைவாய்ப்பு', 'உதிரிபாகம்', 'பயிற்சி', 'நாமே சரிசெய்வது எப்படி'. இவற்றைத் தேடுகிறவர் உங்களைக் கூப்பிடப் போவதில்லை, ஆனால் கிளிக் செய்தால் உங்கள் காசு போகும்.

நூலேணி:
அந்தப் பட்டியல் நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளிக் செய்தவர் எங்கே போய் இறங்குகிறார்? பக்கம் திறக்கவில்லை என்றாலும் கிளிக்குக்கான காசு போனது போனதுதான்.

போன மாதம் தையல் தொழில் செய்யும் ஒரு அம்மாவின் சைட்டைச் சோதித்தோம். அவருடைய வாடிக்கையாளர் ஒருவரிடம் போனைக் கொடுத்து, "இந்த சைட்டைத் திறந்து இவரைக் கூப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் வெள்ளைத் திரை. பிறகு பேனர் மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக இறங்கியது. நம்பர் அந்தப் படத்துக்குள்ளேயே, வெளிர் மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்தில். அவர் கட்டைவிரலால் தட்டினார், மறுபடி தட்டினார், அழுத்திப் பிடித்தார், 'படத்தைச் சேமிக்கவா' என்று போன் கேட்டது. படத்தைப் பெரிதாக்கி, நம்பரை வாய்க்குள் முணுமுணுத்தபடியே டயல் செய்யப் போனவர் பாதியில் மறந்து திரும்பி வந்தார். அந்த அம்மா எதிரே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சைட் செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய 6 எம்பி படம் அது. 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) என்ற சிறிய பட வடிவத்துக்கு மாற்றியதும் 150 கேபிக்குள் வந்துவிட்டது. நம்பரை எழுத்தாகவே போட்டு, தொட்டால் அழைப்பு போகும்படி லிங்க் கொடுத்தோம். ஒவ்வொரு படத்துக்கும் அகலம் உயரம் குறித்தோம், இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது கீழே இருக்கும் பட்டன் நகர்ந்து, ஒன்றைத் தொடப் போய் இன்னொன்றைத் தொட்டுவிடுவார்கள். முதல் திரையில் இருக்கும் படத்துக்கு லேசி லோடிங் (படத்தைத் தள்ளிப்போட்டு இறக்கும் வசதி) போடாதீர்கள், அது இன்னும் தாமதமாகத்தான் வரும். கூகுள் வைத்திருக்கும் அளவின்படி பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் முகவரியைப் போட்டால் இலவசமாகவே சொல்லும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு இருக்க வேண்டும், வெயிலில் நின்று பார்ப்பவருக்கும் படிக்க வருகிறதா என்று ஒருமுறை வெளியே போய்ப் பாருங்கள்.

பழுதுபெட்டி:
நீங்கள் சொன்ன கதை என் பக்கத்துக்குத்தான் சாட்சி. முகநூலில் 'அழைக்கவும்' என்று ஒரு பட்டன் இருக்கிறது, தொட்டால் போன் போகும், யாரும் எதையும் சுருக்க வேண்டியதில்லை.

சுடர்மதி:
பட்டன் இருக்கிறது அண்ணா, பட்டனுக்கு முன்னால் வந்து நிற்பது யார்? உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள். புதிதாக வருபவர் கணக்கில் நுழையாமல் பார்த்தால், லாகின் செய்யச் சொல்லிப் பாதித் திரையை மறைத்துவிடும். 'மெஷினில் தண்ணீர் வடியவில்லை' என்று தேடுகிறவருக்கு, நீங்கள் எட்டு மாதத்துக்கு முன் போட்ட பதிவு வந்து நிற்கப் போவதில்லை. அதே வார்த்தையைத் தலைப்பாக வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள்: தண்ணீர் ஏன் நிற்கிறது, ஃபில்டரை வாடிக்கையாளரே எப்படிச் சுத்தம் செய்து பார்க்கலாம், அதற்கும் சரியாகவில்லை என்றால் நீங்கள் வந்து பார்க்க என்ன கட்டணம், எத்தனை மணி நேரத்துக்குள் வருவீர்கள். தினமும் போனில் பத்துப் பேருக்குச் சொல்கிற பதில்தானே.

ஒரு எச்சரிக்கை. மெட்டா கீவேர்ட் (பக்கத்தின் குறியீட்டில் மறைவாக எழுதும் தேடல் சொற்கள்) நிரப்பித் தருகிறேன், வேறு சைட்டுகளிலிருந்து ஆயிரம் லிங்க் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். கீவேர்ட் டேக்கைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. விலைக்கு வாங்கிய லிங்க்குகளை நம்பியிருந்த சைட்டுகள் பல 2012ல் கூகுள் தன் தேடல் முறையில் செய்த பெங்குவின் அப்டேட் வந்தபோது தேடலில் காணாமல் போயின.

கணக்குப்பிள்ளை:
அந்த மாதிரி பக்கம் இருந்தால் விளம்பரத்தையும் நேராக அதற்கே அனுப்பலாம். முகப்புக்கு அனுப்பி அங்கிருந்து தேட விடுவதைவிட நிச்சயம் மேல். ஆனாலும் சொல்கிறேன், முதல் மாதத்தில் போன் அடிக்கப்போவது விளம்பரத்தால்தான். பக்கம் வளரும்வரை தொழில் நிற்க வேண்டுமே.

பழுதுபெட்டி:
சரி, மூடவில்லை. நகரும் படம், சாட் பெட்டி எதுவும் கிடையாது. தண்ணீர் வடியாதது, ஃப்ரிட்ஜ் குளிராதது, மெஷின் ஆடி அசைந்து நகர்வது என்று மூன்று பக்கம், மேலே நம்பர், அவ்வளவுதான். வாராவாரம் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள், அது என்னால் ஆகாது. முகநூல்தான் இப்போதும் எனக்குச் சோறு போடுகிறது, அந்தக் கருத்தில் மாற்றமில்லை.

சுடர்மதி கேட்டதற்குப் பதில்: டொமைன் பழைய டிசைனர் பெயரில்தான் இருக்கிறது, அதில் பதிவான மெயிலும் அவருடையது. இத்தனை வருடம் நான் அதைக் கேட்கவே இல்லை. இன்று மாலை போன் செய்தேன், மாற்றித் தருகிறேன் என்று லாகின் விவரம் அனுப்பியிருக்கிறார். புதுப்பிக்க இன்னும் பத்தொன்பது நாள்தான் பாக்கி. எதை முதலில் மாற்ற வேண்டும், மெயிலையா பெயரையா?

சுடர்மதி:
மெயிலை. இப்போதே, இன்று இரவே.