ஜூலை 2020: கிரீஸின் கிரீட் தீவுக்குப் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஜெர்மனியில் வசிக்கிறோம். கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்டும் ஜெர்மன் வதிவிட அட்டையும். கொரோனா தடையைத் தளர்த்தி, ஜூலை 1 முதல் வெளிநாட்டவரை அனுமதிக்க ஐரோப்பிய ஒன்றியம் போட்ட பட்டியலில் இந்தியா இல்லை. இங்கேயே குடியிருப்பவர்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்பது விதி. ஆனால் விமான நிலையக் கவுண்டரில் இருப்பவர் பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினால்? யாருக்காவது அப்படி நேர்ந்ததா?

கிரீஸ் கேட்கும் பயணிப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். கியூஆர் குறியீடு பயண நாளன்று, நள்ளிரவு தாண்டித்தான் மின்னஞ்சலில் வருமாம். எங்கள் விமானமோ விடிகாலையில். படிவம் கிடைத்தது என்று வந்த பதிலை மட்டும் காட்டி ஏறியவர்கள் உண்டா?

இறங்கியதும் சிலரை மட்டும் நிறுத்திப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கிறார்கள். முடிவு வரும்வரை அவர்கள் தனித்திருக்க வேண்டும். ஒருவருக்கு எடுத்தால் குடும்பமே அடைபட வேண்டுமா? ஜன்னலில் கடலைக் காட்டிவிட்டு ஆறு வயதுப் பையனை அறைக்குள் உட்காரவைப்பது என்னால் ஆகிற காரியமில்லை.

"இந்த நேரத்தில் போகத்தான் வேண்டுமா?" என்ற கேள்வி வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு, நேரில் பார்த்ததை எழுதுங்கள். சனிக்கிழமை கிளம்புகிறோம்.