மீன் குறைவதால் சண்டையா, பங்கு பிரிப்பதால் சண்டையா?

கடல்கிறுக்கன்:
மீன் குறைந்தால் அடித்துக்கொள்வார்கள், அது புரிகிறது. ஆனால் கட்டுப்பாடு வந்த பிறகும் சில இடங்களில் தகராறு கூடியிருக்கிறதே, ஏன்?

வலைமுடிச்சு:
எதைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். அலாஸ்காவில் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனுக்கு மொத்த அளவையும் நாட்களையும் மட்டும் கட்டுப்படுத்தினார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்கவில்லை. விளைவு? எல்லோரும் பெரிய படகு வாங்கிப் போட்டி போட, 1990களின் தொடக்கத்தில் பருவமே வருடத்துக்குச் சில நாட்களாகச் சுருங்கி, புயல் அடித்தாலும் அன்றைக்கே கிளம்பியாக வேண்டும் என்ற நிலை. 1995இல் தனித்தனிப் பங்கு கொடுத்த பிறகு அதே மீனை எட்டு மாதம் நிதானமாகப் பிடித்தார்கள்.

உப்புக்காற்று:
சரி, அப்புறம் அந்தப் பங்குகள் யார் கைக்குப் போயின? விற்கலாம் என்றால் காசுள்ளவன் வாங்கிவிடுவான், படகில் வேலை செய்தவன் கரையில் நிற்பான். சண்டை நிற்கவில்லை, கடலிலிருந்து கரைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது துருக்கியின் கடலோர ஊரான அலான்யா. 1970களில் அங்கே நல்ல இடத்துக்காகக் கைகலப்பு வரை போனது. மீனவர்களே இடங்களுக்குப் பெயர் வைத்து, செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி, தினமும் ஓர் இடம் கிழக்கே நகர்வது, ஜனவரிக்குப் பிறகு மேற்கே நகர்வது என்று முடிவு செய்தார்கள். நல்ல இடம் எல்லோருக்கும் ஒருநாள் வரும். உங்கள் முறையில் இன்னொருவன் வலை போட்டால் நீங்களே பார்த்துவிடுவீர்கள், காவலுக்குத் தனி ஆள் எதற்கு?

கடல்கிறுக்கன்:
நாடுகளுக்கிடையே சீட்டுக் குலுக்க முடியுமா?

வலைமுடிச்சு:
அங்கேதான் சிக்கல், மீன் இடம் மாறுகிறது. வடகிழக்கு அட்லாண்டிக்கில் கானாங்கெளுத்தி ஐஸ்லாந்து பக்கம் பரவியதும் பழைய பங்குக் கணக்கு செல்லாமல் போனது. ஆளாளுக்குத் தன் பங்கைத் தானே அறிவிக்க, கூட்டிப் பார்த்தால் விஞ்ஞானிகள் சொன்ன அளவைத் தாண்டிவிட்டது. இதில் திருடன் யாரும் இல்லை, ஒவ்வொருவரும் தன் சட்டப்படிதான் பிடித்தார்கள்.

உப்புக்காற்று:
1995 மார்ச்சில் கனடா தன் 200 கடல் மைல் மீன்பிடி எல்லைக்கு வெளியே ஸ்பெயின் கப்பலை எச்சரிக்கைக்குச் சுட்டுப் பிடித்தது. அடுத்த மாதமே உடன்பாடு வந்தது. பங்கை மாற்றினார்கள், கூடவே ஒவ்வொரு கப்பலிலும் ஒரு கண்காணிப்பாளர். பங்கைவிட அந்த ஆள்தான் முக்கியம் என்பேன், எதிராளி எவ்வளவு பிடிக்கிறான் என்று தெரியாதவரை எவனும் தன் வலையைச் சுருட்ட மாட்டான்.